சுடுவதா, ஊசி போடுவதா?

மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் முறை நூறாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. கழுத்தில் இரண்டு இடங்களில் மயிரை மழித்து, தோலின் தடிப்பைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்வார்கள். ஓரிடத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினையும், இன்னோரிடத்தில் பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்ததையும் தோலுக்குள் ஏற்றுவார்கள். 72 மணி நேரம் கழித்து மருத்துவர் மறுபடி வந்து, அந்த இடங்களைத் தடவிப் பார்த்து அளப்பார். முதல் வீக்கம் இரண்டாவதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்த மாடு நோயுள்ளது என்று கணக்கு. மண்ணிலும் குட்டைத் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகள் பல உண்டு. பெரும்பாலும் தீங்கில்லாதவை. அவற்றோடு பழகிய மாட்டுக்கும் தோல் தடிக்கும். அந்தத் தடிப்பைக் கழித்துப் பார்க்கத்தான் இரண்டாவது ஊசி.

இதே போன்ற இரட்டை ஊசியை 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் மனிதர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். திருவள்ளூர்ப் பக்கமெல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு நடத்திய சோதனை அது. சுமார் 2,60,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு பிசிஜி, சிலருக்கு வெறும் திரவம் என்று போட்டார்கள். யாருக்கு எது போனது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979-ல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பிலும் குழந்தைகளிடம் மட்டும் ஏதோ சிறு பயன் தென்பட்டது, அவ்வளவுதான்.

இருபதாண்டு கழித்து இங்கிலாந்தில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்த பேட்ஜர் என்ற காட்டு விலங்கைக் கொன்று பார்த்த சோதனை. அதன் முடிவும் யாருக்கும் பிடிக்கவில்லை. மாட்டுக் காசநோய்க்கு இந்தச் செங்கல்பட்டுக் கடற்கரை என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பவர் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. இங்கிலாந்தின் கதை விலங்கைக் கொன்றால் என்ன ஆகும் என்று சொல்கிறது. செங்கல்பட்டின் கதை, வேறிடத்தில் பலித்த ஊசி இங்கே பலிக்காமல் போகலாம் என்று சொல்கிறது.

பேட்ஜர் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட முகமும் குட்டைக் காலும் உள்ள இரவு விலங்கு. வளை தோண்டிக் குடும்பமாக வாழும், மண்புழு தின்னும். 1971-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் செத்துக் கிடந்த ஒரு பேட்ஜரிடம் மாட்டுக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே அந்த நாடு மாடுகளை ஊர் ஊராகச் சோதித்து, நோயுள்ளவற்றை வெட்டி, பாலைப் பாஸ்டரைஸ் செய்து நோயை ஏறக்குறைய ஒழித்திருந்தது. தென்மேற்கு மூலையில் மட்டும் போக மறுத்தது. காரணம் பேட்ஜர்தான் என்று முடிவு கட்டி, 1975 முதல் 1982 வரை வளைகளுக்குள் சயனைடு புகை விட்டார்கள். பிறகு கூண்டு வைத்துப் பிடித்துக் கொன்றார்கள். இதனால் பயன் உண்டா என்று அதுவரை யாரும் முறையாக அளந்ததில்லை. 1997-ல் ஜான் கிரெப்ஸ் தலைமையிலான குழு, முதலில் அளந்து பாருங்கள் என்றது.

ஒவ்வொன்றும் 100 சதுர கிலோமீட்டர் கொண்ட 30 பகுதிகள் ஒதுக்கப்பட்டன. பத்தில் எல்லா பேட்ஜர்களையும் ஆண்டுதோறும் பிடித்துக் கொன்றார்கள். பத்தில், மாட்டுக்கு நோய் வந்த பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்றார்கள். மீதிப் பத்தில் ஒன்றும் செய்யவில்லை. 1998 முதல் 2005 வரை சுமார் 11,000 பேட்ஜர்கள் செத்தன. நோய் வந்த பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்ற இடங்களில் மாட்டு நோய் குறையவில்லை, கூடியது. ஏறக்குறைய 27 சதவீதம் கூடுகிறது என்ற கணக்கு வந்ததும் 2003 நவம்பரில் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் கொன்ற இடங்களில் எல்லைக்கு உள்ளே நோய் சுமார் 20 சதவீதம் குறைந்தது, எல்லையை ஒட்டிய வெளிப்பகுதியில் அதே அளவோ அதற்கு மேலோ கூடியது.

ஏன் இப்படி? பேட்ஜர் குடும்பம் தன் எல்லையை விட்டு அதிகம் போகாது. குடும்பத்தில் நாலைக் கொன்றால் எல்லைகள் குலைந்துபோகும். மிஞ்சியவை அலையும், பக்கத்து வளைக்காரர்களோடு கலக்கும், கிருமியையும் கூடவே எடுத்துப் போகும். சோதனையை நடத்திய ஜான் பூர்ன் குழு 2007-ல் எழுதிய இறுதி அறிக்கை, பேட்ஜரைக் கொல்வது மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்தப் பெரிதாக உதவாது என்று முடித்தது. அரசியலுக்கு அது போதவில்லை. விவசாயிகளின் வாக்கு ஒரு பக்கம், விலங்கு நேசர்களின் ஊர்வலம் மறுபக்கம். குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே பேட்ஜருக்காகத் தெருவில் இறங்கினார். 2013-ல் சாமர்செட்டிலும் குளோஸ்டர்ஷயரிலும் மறுபடி சுடத் தொடங்கினார்கள். அப்போது முதல் 2,30,000-க்கும் மேற்பட்ட பேட்ஜர்கள் கொல்லப்பட்டிருக்கின்றன.

பலன் என்ன என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. 2024-ல் வந்த ஓர் ஆய்வு, 52 பகுதிகளில் நாலாவது ஆண்டில் நோய் 56 சதவீதம் குறைந்தது என்றது. அதே காலத்தில் மாட்டுச் சோதனையும் கடுமையாக்கப்பட்டதால் எந்தப் பங்கு எதனுடையது என்று பிரிக்க முடியாது என்பதையும் அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் வேறுபாடே இல்லை என்று 2022-ல் வேறொரு குழு எழுதியது. பழைய 30 பகுதிக் கணக்கையே வேறு புள்ளியியல் முறையில் போட்டுப் பார்த்து, உள்ளே குறைந்தது என்பதே சந்தேகம் என்பவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் புதிய தொழிற்கட்சி அரசு, தன் பதவிக்காலம் முடிவதற்குள் இந்தக் கொலையை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. வேல்ஸ் அதற்கு முன்பே கொல்லும் திட்டத்தைக் கைவிட்டு பேட்ஜருக்கு பிசிஜி போட்டுப் பார்த்தது. அயர்லாந்தும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 2013-ல் கிறிஸ்டல் டானெல்லியும் பியர் நூவெலேயும் போட்ட கணக்கு. மாட்டுக்கு வரும் தொற்றில் பேட்ஜரிடமிருந்து நேராக வருவது சுமார் 6 சதவீதம்தான். ஆனால் பேட்ஜர் கொடுத்த ஒரு தொற்று மாட்டிலிருந்து மாட்டுக்குத் தாவிப் பெருகுவதையும் சேர்த்தால் பாதி வரை போகிறது. இரு கட்சியும் தனக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு மேடையேறலாம். உண்மை இரண்டையும் சேர்த்ததில் இருக்கிறது. தீப்பொறி காட்டிலிருந்து வந்திருக்கலாம், எரிந்தது தொழுவத்தில். கழுத்தில் போடும் ஊசியோ நோயுள்ள மாடு ஐந்தில் ஒன்றையாவது தவறவிடுகிறது. தவறவிட்ட மாடு கொட்டகையில் நின்று இருமிக்கொண்டே இருக்கும்.

காட்டு விலங்கைக் கொன்று வென்ற நாடுகளே இல்லையா என்றால், உண்டு. நியூசிலாந்தில் 1990-களின் நடுவில் நோயுள்ள மந்தைகள் 1,700-க்கு மேல் இருந்தன. இன்று நூறுக்கும் கீழே. அங்கே கிருமியைச் சுமந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து ரோமத்துக்காகக் கொண்டுவந்த போசம். நாட்டுக்கு அந்நியமான விலங்கு என்பதால் விஷம் வைத்துக் கொல்ல மக்களும் தயங்கவில்லை. ஆஸ்திரேலியா வடக்கே காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளி 1997-ல் நோயற்ற நாடு என்று அறிவித்துக்கொண்டது. இரண்டு நாடுகளும் மாட்டை விடாமல் சோதித்தன, நோயுள்ளதை இழப்பீடு கொடுத்து வெட்டின, மாடு ஊர் மாறுவதைக் கண்காணித்தன. பேசும்போது மட்டும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோம்.

இனி நம் பக்கம். 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்திய மாடுகளில் 7.3 சதவீதத்துக்குக் காசநோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கையில் 2 கோடியே 18 லட்சம். இங்கிலாந்தின் மொத்த மாடுகளைவிட அதிகம். உள்நாட்டு மாட்டைவிட கலப்பின மாட்டுக்கும், மேய்ச்சல் மாட்டைவிட கொட்டகையில் நெருக்கிக் கட்டிய மாட்டுக்கும் ஆபத்து கூடுதல். நாம் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பால் பெருக வேண்டும் என்று போன வழி அதுதான்.

நம் ஊர்க் கிருமியும் ஐரோப்பியப் பாடப்புத்தகத்தில் உள்ள கிருமி அல்ல போலிருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சேகரித்த 940 மாதிரிகளை மரபணு அளவில் ஆராய்ந்த முடிவு 2020-ல் வந்தது. ‘போவிஸ்’ என்ற மாட்டுக் காசநோய்க் கிருமியைத் தேடினார்கள். தடுப்பூசிக் கிருமியான பிசிஜி சில மாதிரிகளில் இருந்தது, உண்மையான போவிஸ் ஒன்றுகூட இல்லை. பதிலாக ஏழு மாதிரிகளில் ‘ஓரிஜிஸ்’ என்ற உறவுக் கிருமி இருந்தது. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதே ஓரிஜிஸைச் சென்னை மாடுகளிடம் கண்டு 2019-ல் அதன் மரபணு வரிசையை வெளியிட்டது. பின்னர் சென்னையின் காட்டு மான்களிடமும் அது கண்டறியப்பட்டது. நியூசிலாந்தில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரிடமிருந்து ஒரு கறவைப் பசுவுக்கு இந்தக் கிருமி தொற்றியது 2012-ல் பதிவாகியிருக்கிறது. மாட்டிலிருந்து மனிதருக்கு என்றே நாம் நினைத்துப் பழகிய பாதையில் எதிர்ப்பக்கமும் போக்குவரத்து உண்டு. தென்னிந்தியாவில் மாடுகளிடமிருந்தும் அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களிடமிருந்தும் மனிதக் காசநோய்க் கிருமியைப் பிரித்தெடுத்து ஒப்பிட்ட ஆய்வும் 2019-ல் வந்தது.

மானிடம் கிருமி என்ற செய்தி வந்தாலே, அப்படியானால் மான்தானா நம் பேட்ஜர் என்று கேட்கத் தோன்றும். கிண்டி தேசியப் பூங்கா முழுவதும் 2.7 சதுர கிலோமீட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் மாநகரம். அங்குள்ள புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் மாட்டிடமிருந்து வந்ததா, மாட்டுக்கு அவை கொடுத்தனவா என்று சொல்லப் போதுமான மாதிரிகள் இன்னும் சேரவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தாலே யார் யாருக்குக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரியும். மான் நூற்றுக்கணக்கில், மாடு லட்சக்கணக்கில். மாமல்லபுரம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் கறவை மாடு மேய்வது ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்பு ஓரத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுத்திட்டிலும்தான். மாடு மாட்டைப் பார்க்கும் பொழுதில் நூற்றில் ஒரு பங்குகூட அது மானைப் பார்க்காது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு மானையும் வேட்டையாட முடியாது.

கொல்வதில் நமக்கே அனுபவம் இல்லாமல் இல்லை. வெறிநாய்க்கடியை ஒழிக்கச் சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய் குறையவில்லை. காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்தது, குட்டி போட்டது. 1996-ல் கொல்வதை விட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் என்று மாறினார்கள். பேட்ஜர் காலி செய்த வளைக்கும் இதுவே நடந்தது.

மாட்டைக் கொல்லலாமா என்பதுதான் நமக்கு உண்மையான கேள்வி. 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் மாட்டுக் காசநோய் இருக்கிறது. குணமாகாத நோயுள்ள விலங்கை வலியின்றிக் கொல்லவும் அதில் இடமுண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 1958 விலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்ற 1976 அரசாணையும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே, மாட்டுக்காரர் வீட்டுக் கணக்கு இருக்கிறது. இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டில் ஒரு மாடு போனால் பாதி வருமானம் போச்சு. மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாமே என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் பல மருந்துகள் தர வேண்டும், பாலில் மருந்து கலக்கும், அரைகுறையாக நிறுத்தினால் மருந்துக்கு மசியாத கிருமி உருவாகி அது மனிதருக்கும் வரும். அதனால் கால்நடை மருத்துவர்கள் அந்த வழிக்குப் போவதில்லை.

சரி, ஊசி போட்டு வீக்கம் பார்த்து, ‘உங்க மாட்டுக்கு டிபி’ என்று சொல்லிவிட்டு, இழப்பீட்டைப் பற்றி வாய் திறக்காமல் மருத்துவர் போய்விட்டால் அடுத்த வாரம் அந்த மாடு எங்கே இருக்கும்? தரகர் கையில். பொய்கைச் சந்தைக்கோ வேறெங்கோ போய், கறவை வற்றாத மாடு என்று சொல்லி விற்கப்பட்டு, ஒன்றும் தெரியாத இன்னொரு வீட்டுக் கன்றுகளோடு கட்டப்படும். இங்கிலாந்தில் துப்பாக்கி பேட்ஜரை அலைய வைத்தது போல, இங்கே இழப்பீடில்லாத சோதனை மாட்டை அலைய வைக்கும். நோயைக் கண்டுபிடிப்பதே நோயைப் பரப்பும். இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்காமல் சோதனை முகாம் அறிவிக்கும் எந்தத் திட்டத்தையும் நான் இந்த ஒரு காரணத்துக்காகவே எதிர்ப்பேன்.

மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைப் பெரிதாக்கிப் பயமுறுத்தவும் வேண்டாம். மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கறப்பவர் குந்தி உட்கார்ந்து மடியில் கை வைத்திருக்க, பசு தலையைத் தாழ்த்தித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். கால்நடை மருத்துவர் கண்ணால் பார்த்தால் கிருமி போகும் பாதைகள் அத்தனையும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன. பசுவின் மூச்சு கன்றின் முகத்தில். மடியிலிருந்து பால் பாத்திரத்தில். கறப்பவரின் முகம் பசுவின் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில். இவற்றில் பாலின் பாதையைத் தமிழ் வீடு அடுப்பிலேயே அடைத்துவிட்டது. காய்ச்சாத பாலை நாம் குடிப்பதில்லை, சீம்பாலையும் வேகவைத்தே தின்கிறோம். இங்கிலாந்தில் 1930-களில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மாட்டுக் காசநோயால் செத்தார்கள் என்றால், அவர்கள் பச்சைப் பால் குடித்ததுதான் முதல் காரணம். ஒரே விலக்கு கோயில். அபிஷேகம் முடிந்து கையில் ஊற்றும் பால் பச்சைப் பால். பக்தியோடு கொஞ்சம் கொதியையும் சேர்த்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன். மூச்சின் பாதைதான் திறந்தே இருக்கிறது, கொட்டகையில் படுத்துறங்கும் மாட்டுக்காரருக்கும் கன்றுகளுக்கும்.

கன்றுக்கு ஊசி போடலாம் என்ற யோசனை இங்கேதான் வருகிறது. ஊசி பிசிஜியேதான். நம் தோளில் தழும்பு போட்ட அந்த மருந்தே மாட்டுக் கிருமியிலிருந்து பிறந்தது. கால்மெட்டும் கேரானும் பிரான்சின் லீல் நகரில் 1908 முதல் 13 ஆண்டு, 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். இத்தனை காலம் அதை மாட்டுக்குப் போடாததற்குக் காரணம், போட்டால் கழுத்து ஊசி எல்லா மாட்டையும் நோயுள்ளது என்று காட்டிவிடும். அந்தச் சிக்கலுக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது. பிசிஜியில் இல்லாத, நோய்க் கிருமியில் மட்டும் உள்ள புரதத் துணுக்குகளை வைத்துப் புதிய தோல் சோதனை ஒன்றை 2019-ல் வெளியிட்டார்கள். 2024-ல் எத்தியோப்பியாவிலிருந்து முடிவு வந்தது. ஊசி போட்ட மாடு நோயை வாங்குவதும் குறைந்தது, வாங்கினாலும் பிறருக்குக் கொடுப்பது இன்னும் குறைந்தது. இரண்டும் சேர்ந்து பரவல் சுமார் 89 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். வெட்டுவதற்குச் சட்டமும் மனமும் பணமும் இல்லாத நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

எத்தியோப்பியக் கன்றுக்குப் பலித்தது செங்கல்பட்டுக் கன்றுக்குப் பலிக்குமா? மனிதரிடம் பிசிஜி இங்கே தோற்றதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அதிகம் ஏற்கப்பட்டது, இந்த மண்ணிலும் நீரிலும் உள்ள பங்காளிக் கிருமிகள் சிறு வயதிலேயே உடலைப் பழக்கிவிடுவதால் பிசிஜி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பது. 1968-ல் போட்ட இரண்டாவது ஊசிக்குப் பத்து வயதைத் தாண்டிய பெரும்பாலோர் தோல் தடித்ததே அதற்குச் சான்று. ஏரிக்கரையில் மேயும் கன்றும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. அப்படியானால் பிறந்த சில நாட்களுக்குள், மேய்ச்சலுக்குப் போகும் முன்பே ஊசி போட வேண்டியிருக்கலாம். எதிரே நிற்பது போவிஸா ஓரிஜிஸா என்பதும் பார்க்க வேண்டியிருக்கும்.

அதைப் பார்க்க வேண்டிய இடம் செங்கல்பட்டு மாவட்டமேதான். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிசிஜி தயாரிக்க 1948-ல் தொடங்கிய ஆய்வகம் பக்கத்திலேயே கிண்டியில் இருக்கிறது. பிசிஜி உள்ளிட்ட தடுப்பூசிகளுக்காகப் பல நூறு கோடி செலவில் செங்கல்பட்டில் கட்டிய வளாகம் ஒரு குப்பி கூடத் தராமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. நடத்த வேண்டிய சோதனை இதுதான்: ஆயிரக்கணக்கில் கன்றுகள், பாதிக்கு பிசிஜி, பாதிக்கு வெறும் திரவம், இரண்டு வகைக் கிருமிக்கும் தனித்தனி சோதனை, நோய் தெரிந்த மாட்டுக்குச் சந்தை விலையில் இழப்பீடு, ஐந்து ஆண்டுக் கண்காணிப்பு. கூடவே பூங்காவில் இயற்கையாகச் செத்துக் கிடக்கும் ஒவ்வொரு மானின் நுரையீரலிலிருந்தும் ஒரு துண்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒரு மானைக்கூடச் சுட வேண்டியதில்லை.